கொட்டிலில் கிடக்கும் ஒஸ்ரினைத் தொட முதல்

யாழ்ப்பாணத்தில் கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கத்து ஒழுங்கைகளில் இன்னும் சில வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கிணற்றடிக்குப் பின்னால் ஒரு பத்தி, அதற்குள் கிழிந்த படங்கு போர்த்தபடி ஒரு பழைய ஒஸ்ரின் அல்லது மொறிஸ் மைனர் கார், பொனற்றுக்கு மேலே அடை கிடக்கும் கோழி. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே "அப்பா, இதைத் திருத்தி ஓடுவமே" என்று கேட்கும், அடுத்த நாள் காலையில் ஸ்பனரோடு இரண்டு பேர் வந்து நிற்பார்கள், மத்தியானத்துக்குள் கார் பாதியாகிவிடும். இந்தக் குறிப்பை எழுதுவது அந்தக் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் உங்களைக் கொஞ்சம் மறித்து வைக்கத்தான்.

ஏனென்றால் நானே அப்படி ஒரு காரைக் கெடுத்திருக்கிறேன். 2011 இல் ஒரு மொறிஸ் மைனர் வாங்கினேன். இரண்டு துண்டுக் கண்ணாடி, 803 சி.சி. எஞ்சின், 1952 க்கும் 56 க்கும் இடைப்பட்ட மாதிரி. ஒரு கராஜில் விட்டேன். நாலு மாதத்தில் தீச்சிவப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு வந்தது, ஊரே வந்து பார்த்தது, எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு விற்க நினைத்தபோது கொழும்பிலிருந்து வந்த ஒரு வயதான மனிதர் அரை மணித்தியாலம் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, இதில இருந்து கழட்டின சாமான் எல்லாம் எங்கை?" கதவுத் தூணிலிருந்து கைபோல் எழும்பும் சிக்னல்கள் இருந்த இடத்தில் தகரம் ஒட்டிப் பட்டி பூசியிருந்தார்கள். சீற்றின் பழைய தோல் குப்பைக்குப் போய்விட்டது. எஞ்சின் 1098 ஆக மாறியிருந்தது, பழையது இரும்புக்காரனிடம். அவர் சொன்ன விலை நான் பெயின்றுக்குக் கொடுத்த காசைவிடக் கொஞ்சம்தான் கூட. கோபித்துக்கொண்டு விற்காமல் விட்டேன், இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரியான விலை.

அடுத்தது பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சொமர்செற். அதில்தான் கொஞ்சமாவது பழகினேன். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தக் காரை வைத்துத்தான், மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

இந்தக் கார்கள் எப்படி இங்கே தங்கின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விலைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. 50களில் அரசாங்க உத்தியோகத்தர், மலாயாவில் வேலை செய்து திரும்பிய பென்சன்காரர், சுருட்டு வியாபாரிகள் வாங்கியவை இவை. 60களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததால் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள். பிறகு யுத்தம், பொருளாதாரத் தடை, மூடிய பாதை. தெற்கில் பழைய கார்களை விற்றுவிட்டு ஜப்பான் கார் வாங்கிய காலத்தில் இங்கே ஏ40 தான் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. அதனால் நம்முடைய கார்களில் ஓட்டமும் கூட, ஒட்டுவேலையும் கூட.

முதல் வேலை கடதாசி

ஸ்பனரைத் தொட முதல் பதிவுப் புத்தகத்தைத் தேடுங்கள். இரும்புப் பெட்டி, சாமி அறைத் தட்டு, பழைய ஆல்பங்களுக்கு நடுவில் எல்லாம் பாருங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளில் காணி உறுதியோடு சேர்த்து இதுவும் போய்விட்டது. புத்தகம் இருந்தால் அதில் உள்ள செஸி (அடிச்சட்டம்) இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கும் காருக்குள்ளுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் ஒரு சின்னத் தகடு ஆணியடித்திருக்கும். பெயின்ற் மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம், தின்னர் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். எஞ்சின் இலக்கம் எஞ்சினில் தனியாக இருக்கும், பல தசாப்த ஒயிலும் செம்மண்ணும் மூடியிருக்கும். 2022 இல் எரிபொருள் கியூஆர் அட்டைக்குப் பதியும்போதுதான் செஸி இலக்கம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

கார் யாருடைய பெயரில் இருக்கிறது? இங்கே பெரும்பாலும் கதை ஒன்றுதான். பெரியப்பா வாங்கினார், விற்றவர் கையெழுத்து வைத்த மாற்றல் கடதாசியைக் கொடுத்தார், பெரியப்பா அதை மாற்றவே இல்லை, இப்போது விற்றவரும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. 'ஓப்பின் பேப்பர்' என்று சொல்லி விற்கப்படும் இந்தக் கார்களுக்கு நான் மரியாதை கொடுப்பேன், காசு கொடுக்க மாட்டேன், கொடுத்தாலும் பாதிதான். பெயர் மாற்றும் வேலை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில். சொந்தக்காரர் இறந்திருந்தால் வாரிசுகளின் சம்மதமும் மரணச் சான்றிதழும் தேவைப்படும், வாரிசுகள் கனடாவிலும் பிரான்சிலும் இருந்தால் மாதங்கள் போகும். இதைத் தொடங்கிவிட்டு ஸ்பனரை எடுங்கள். இரண்டும் சமாந்தரமாக நடக்கட்டும்.

இலக்கத் தகடும் கடதாசி மாதிரித்தான். 50களின் நடுப்பகுதிக் கார்களில் ஈ.எல்., ஈ.என். என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் இலக்கம் இருக்கும். அதற்குப் பிறகு சிங்கள 'சிறீ' எழுத்து வந்தது, 1958 இல் அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் நடந்த போராட்டம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தகட்டில் கையால் எழுதிய பழைய எழுத்து இருந்தால் அழித்து ஸ்ரிக்கர் ஒட்டாதீர்கள். சட்டத்துக்கு ஏற்ற தகடு வேண்டுமென்றால் புதிதாகச் செய்து பூட்டுங்கள், பழையதை எண்ணெய்த் துணியில் சுற்றி டிக்கிக்குள் வையுங்கள்.

ஒரு கிழமை படம் மட்டும் எடுங்கள்

கைபேசி போதும். ஒவ்வொரு ஆணி, ஒவ்வொரு கிளிப், வயர் எந்த ஓட்டைக்குள்ளால் போகிறது, கதவு இறப்பர் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, எல்லாம். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் பொலித்தீன் பையில் போட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனா மை ஒயில் பட்டால் போய்விடும், பென்சில் போகாது. உடைந்த சாமானையும் எறியாதீர்கள், எறிந்தால் லேத்காரனுக்கு அளவு காட்ட ஒன்றும் இருக்காது. என் மைனரில் நான் விட்ட மிகப் பெரிய பிழை இதுதான், "இது பழசு, இனி எதற்கு" என்று சொன்ன ஒவ்வொரு சாமானும் பிறகு தேடியபோது கிடைக்கவே இல்லை.

நிறத்தைப் பார்ப்பதற்கு ஒரு வேலை செய்யுங்கள், எனக்கு இதில் நல்ல விருப்பம். வெளியில் தெரியாத இடத்தில், டிக்கி மூடியின் உள்பக்கம் என்று வையுங்களேன், ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டத்தை ஆகவும் நைசான உப்புக் கடதாசியால் தண்ணி விட்டு மெதுவாகத் தேயுங்கள். கிணறு வெட்டும்போது மண்படை தெரியுமே, அதே மாதிரி ஒவ்வொரு பெயின்றும் ஒரு வளையமாகத் தெரியும். பெரியப்பாவின் சொமர்செற்றில் ஐந்து வளையம்: மேலே வெள்ளை, அப்புறம் ஒரு நீலம், கறுப்பு, இன்னொரு நீலம், கடைசியில் வெளிறிய பச்சை. டாஷ்போட்டுக்குப் பின்னாலும் பின் சீற்றின் அடிப்பலகைக்குக் கீழும் பார்த்தேன், அங்கும் அதே பச்சைதான். கொம்பனி நிறம் அதுதான் என்று தெரிந்தபோது பெரியம்மா சொன்னா, "ஓம், கலியாணத்துக்கு வந்தது பச்சைக் கார்தானே". எழுபது வருடமாக யாரும் அவவிடம் கேட்கவில்லை. பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், எப்போதும் தண்ணி விட்டே தேயுங்கள், காய்ந்த தூளை ஊதாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கறள் எங்கே இருக்கும்

சொமர்செற்றுக்குத் தனியாக ஒரு செஸி, அதற்கு மேல் உடம்பு. மைனருக்கு அப்படி இல்லை, தரைத் தகரத்தோடு ஒட்டிய கால்கள்தான் பாரத்தைத் தாங்கும், அதனால் மைனரில் கறள் என்றால் செலவு பெரிது. எதுவாக இருந்தாலும் ஒரு சின்னச் சுத்தியலின் மரப்பிடியால் அடியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், பட்டியும் கறளும் தொப்பென்று சொல்லும். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி மட்காட்டில் வைத்துப் பாருங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

இங்கே இரண்டு விஷயம் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று, கார் எங்கே நித்திரை கொண்டது என்று கேளுங்கள். காரைநகர், ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை என்று கடற்கரையோரம் நின்ற காருக்கு உப்புக் காற்று பட்ட கறள், உள்ளிருந்து வெளியே வரும், மேலே கொப்பளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. மற்றது வலிகாமத்துச் செம்மண். மட்காட்டின் உள்மடிப்புகளில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரத்தின் ஓரங்களில் அது அப்பிக்கொண்டு மாரி முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தட்டிப் பார்க்க முதல் இரண்டு நாள் தண்ணியடித்து அதைக் கரைத்து எடுங்கள். என் சொமர்செற்றின் ஒரு பின் மட்காட்டுக்குள்ளிருந்து இரண்டு வாளி மண் வந்தது, ஒரு கீரைப் பாத்தி போட்டிருக்கலாம்.

சிலர் மைனருக்கு முன்சில்லு முறிந்து விழும் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது கதை இல்லை, முன்பக்கக் கீழ் மூட்டில் உள்ள திருகு தேய்ந்தால் சில்லு உண்மையாகவே மடிந்து போகும். கிறீஸ் போடாமல் விட்டதால் வருவது. மைனர் வாங்கினால் ஓட முதல் அதைக் கழற்றிப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

எஞ்சினை எழுப்புதல்

பல வருடம் நின்ற காரைக் கயிறு கட்டி இழுத்து ஸ்ராட் பண்ணாதீர்கள். இறுகிய பிஸ்ரனின் றிங் முறியும், சிலிண்டர் கீறும். பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஒரு மேசைக்கரண்டி விட்டு, மூன்று நாள் பொறுங்கள். நாலாம் நாள் முன்னாலுள்ள ஓட்டையால் எஞ்சினைச் சுற்றும் கைபிடியை விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னும் விட்டு இன்னும் பொறுங்கள். எங்களுக்குப் பதினொரு நாள் எடுத்தது. கராஜ் அண்ணை சொன்ன மாதிரி, "எழுவது வருசம் இருந்ததுக்கு உனக்கென்ன அவசரம்?" அதற்குப் பிறகு நாலு சிலிண்டரிலும் அழுத்தம் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

யாழ்ப்பாணத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒரு தனி அத்தியாயம். தடைக்காலத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்டபோது எல்லோரும் செய்தது இதுதான்: கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணியாகும், பெயறிங் தேயும், சிலிண்டர் தேயும், வால்வில் கரி அப்பும். டிப்ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் குறையாமல் ஏறினால் அந்தக் கார் மண்ணெண்ணெய் குடித்திருக்கலாம். அடையாளம் வேறும் இருக்கும்: எண்ணெய்க் குழாயில் கூடுதலாக ஒரு திருப்பி, சூடாக்குவதற்குச் சைலன்சர் குழாயைச் சுற்றிய செப்புக் குழாய், கார்பரேற்றரில் புதிதாகத் துளைத்த ஓட்டை. அப்படிப்பட்ட எஞ்சினை "ஓடுதுதானே" என்று விடாதீர்கள், கழற்றி அளவு பாருங்கள். சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்ரன் போட வேண்டி வரலாம்.

எஞ்சின் தலை கழன்றிருக்கும்போதே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்யப்பட்டவை. இலங்கையில் 2002 உடன் அது நின்றுவிட்டது. ஈயம் இல்லாத பெற்றோலில் பழைய வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லத் தேயும், அதனால் கெட்டியான இரும்பு வளையங்களை லேத்தில் இறக்கி வாங்குங்கள். ஒக்டேன் 92 தாராளமாகப் போதும், 95 போடுவது காரின் மேல் உள்ள அன்பு மட்டும்தான்.

றேடியேற்றர். நம் நிலத்தடித் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும். அதே வெள்ளைப் படை றேடியேற்றர் குழாய்க்குள்ளும் எஞ்சினின் தண்ணி வழிக்குள்ளும் எழுபது வருடமாக ஏறியிருக்கிறது. கார் சூடேறுகிறது என்று சொல்லி, எஞ்சின் சூடாகும் வரை தண்ணியை மறித்து வைக்கும் தேமோஸ்ராற்றைக் கழற்றி எறிவதுதான் இங்கத்தைய வைத்தியம், அது வருத்தத்தை விட்டுவிட்டு வெப்பமானியை உடைக்கிற மாதிரி. தேமோஸ்ராற் இல்லாத எஞ்சின் சூடாக நேரமெடுத்து, அந்த நேரமெல்லாம் கூடத் தேயும். றேடியேற்றரைக் கழற்றிச் சிற்றிக் அமிலம் கரைத்த தண்ணியில் ஊறவிட்டு, பலமுறை கழுவி, எஞ்சின் பக்கத்திலுள்ள வட்டத் தகர மூடிகளைக் கழற்றி உள்ளே சுரண்டி எடுங்கள். பிறகு கிணற்றுத் தண்ணி வேண்டவே வேண்டாம். மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணி, அல்லது பற்றரிக்கு விடும் தண்ணி, அதோடு கூலன்ற்.

பிறேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். சொமர்செற்றுக்கு நாலு சில்லுக்கும் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ரோலிக், அதற்கு முந்திய ஏ40 டெவன் காரின் ஆரம்ப மாதிரிகளில் பின்சில்லுக்குக் கம்பியும் தடியும். சொமர்செற்றில் எண்ணெய்க்கு ஒரே வழிதான், ஒரு இடத்தில் ஒழுகினால் மிதியடி நேராகத் தரைக்குப் போகும். இறப்பர் கப், குழாய், மாஸ்ரர் சிலிண்டர் எல்லாம் புதிது. டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊத வேண்டாம், பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். தண்ணி தெளித்துத் துடையுங்கள்.

மின்சாரத்தில் ஒரு பொறி உண்டு. இந்தக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் உடம்போடு பூட்டப்படும். இது தெரியாமல், வழமைபோல மைனஸ்தான் உடம்பில் இருக்கிறது என்று நினைத்துப் பூட்டி, புதிய றேடியோவையும் சார்ஜரையும் எரித்தவர்கள் பலர். யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கலாம், அதனால் முதலில் பாருங்கள், பிறகு பூட்டுங்கள். துணி சுற்றிய பழைய வயரை எலி தின்றிருந்தால் முழுவதும் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதே நிறத்தில், அதே வழியால் கொண்டுபோங்கள்.

எதை விடுவது, எதை மாற்றுவது

இங்கேதான் ஆளுக்கு ஆள் சண்டை. என் கணக்கு இது: உயிருக்கு ஆபத்தானதைப் புதிதாக்கு, கண்ணுக்குத் தெரிவதைப் பழையதாகவே விடு, திருப்ப முடியாத எதையும் செய்யாதே.

சொமர்செற்றில் கியர் தடி ஸ்ரியறிங் பக்கத்தில் இருக்கும். அதன் இணைப்புகள் தேய்ந்தால் கியர் விழாது, அதனால் எத்தனையோ பேர் தரையை வெட்டி நிலக் கியருக்கு மாற்றியிருக்கிறார்கள். தேய்வது பெரும்பாலும் சின்னச் சின்னப் புஷ்கள்தான், லேத்தில் ஒரு நாள் வேலை. வெட்டாத தரையோடு, ஸ்ரியறிங் கியரோடு ஒரு கார் கிடைத்தால் அதைத் தங்கம் மாதிரி வைத்திருங்கள்.

ஜப்பான் எஞ்சின் போட்ட ஏ40 கள் நிறைய. நிசானின் டட்சன் எஞ்சின் போட்டவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், 1952 இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து இதே சொமர்செற்றைத் தன் நாட்டில் பூட்டித்தான் நிசான் நவீன கார் செய்யப் பழகியது. பேரனின் இருதயத்தைப் பாட்டனுக்கு வைத்த மாதிரி. ஆனாலும் விலையில் அது குறைதான். பழைய 1200 சி.சி. எஞ்சின் எங்காவது வளவில் கிடந்தால், ஓடாவிட்டாலும், காரோடு சேர்த்து வாங்குங்கள்.

மண்ணெண்ணெய்த் திருப்பியை என்ன செய்வது? கராஜில் எல்லோரும் கழற்றச் சொன்னார்கள். நான் எண்ணெய் வழியைத் துண்டித்துவிட்டு, திருப்பியை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். கொம்பனி போட்டதில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கார் தடைக்காலத்தில் ஓடியது அதனால்தான், ஒஸ்ரினின் லோங்பிறிஜ் தொழிற்சாலையிலிருந்து போன வேற்றூர்க் கார்களில் அதை இலகுவில் பார்க்க முடியாது.

பெயின்ற் கடைசி. பழைய பெயின்ற் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் மினுக்கி மட்டும் விடுங்கள். முழுவதும் அடிக்கத்தான் வேண்டுமென்றால் நீங்கள் கண்டுபிடித்த கொம்பனி நிறத்தை அடியுங்கள், பொனற்றுக்கு உள்ளேயும் கதவு விளிம்பிலும் அதே நிறம் வரட்டும். வெளியே ஒரு நிறம், கதவைத் திறந்தால் இன்னொன்று என்றால் வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். பம்பருக்கும் பொனற் நுனியிலுள்ள பறக்கும் 'ஏ' சின்னத்துக்கும் நிக்கல் போடும்போது கவனம், வார்ப்புச் சாமானைக் கூடத் தேய்த்தால் எழுத்தே அழிந்துவிடும். கதவுக்கு உள்ளே இருந்த அட்டையைக் கறையான் தின்றிருக்கும், மிச்சத் துண்டை வைத்து அளவெடுத்துப் புதிது வெட்டுங்கள். சீற் தைக்கிறவரிடம் பழைய தையல் கோடுகளின் படத்தைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் ஓட்டோவுக்குத் தைக்கிற மாதிரித் தைத்துவிடுவார்.

சாமானுக்கு முதலில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளின் பின்னறைகளைக் கேளுங்கள், பிறகு கொழும்புப் பஞ்சிகாவத்தை, பிறகுதான் இங்கிலாந்து. மைனர்காரர்களுக்குக் கவலை குறைவு, அதற்கான சாமான் இன்னும் புதிதாகச் செய்யப்படுகிறது. சொமர்செற்காரர் ஊர் ஊராகத் திரியத்தான் வேண்டும். ரயர் 16 அங்குலம், பழைய இருப்பு என்று மலிவாகத் தந்தால் பக்கத்திலுள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம்.

விலை பார்ப்பது

அரிது என்ற சொல்லில் மயங்காதீர்கள். சொமர்செற் 1952 முதல் 1954 வரை ஒன்றேமுக்கால் இலட்சம் அளவில் செய்யப்பட்டது, மைனர் 16 இலட்சத்துக்கு மேல். மாதிரி என்ற அளவில் அரிதில்லை. அரிது என்றால் கூரை மடிக்கும் சொமர்செற், அது ஏழாயிரம் அளவில்தான். ஏ40 ஸ்போட்ஸ் நாலாயிரம் அளவில். அப்படி ஒன்று உங்கள் பத்திக்குள் நின்றால் இந்தக் குறிப்பை மூடிவிட்டு அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மற்றவர்களுக்கு அரிதாக இருப்பது முழுமை: சொந்த எஞ்சின், சொந்த இலக்கம், வெட்டாத தரை, எல்லாச் சாமானும்.

நான் விலை பார்க்கும் ஒழுங்கு இப்படி. கடதாசி சரியா, இலக்கங்கள் பொருந்துகின்றனவா என்று முதலில். இரண்டும் இல்லாவிட்டால் மிச்சத்தைப் பார்ப்பதே வீண். பிறகு இரும்பு. பிறகு என்ன குறைகிறது என்ற பட்டியல், ஒவ்வொன்றும் கிடைக்குமா கிடைக்காதா என்று பக்கத்தில் குறித்து. அதற்குப் பிறகுதான் ஓடுகிறதா என்பது. மினுக்கம் கடைசி. ஓடாத ஆனால் முழுமையான காருக்கு, ஓடும் கலப்புக் காரைவிட நான் கூடக் கொடுப்பேன். எஞ்சினை ஓட வைக்கலாம், காணாமல் போனதை வரவைக்க முடியாது.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை. விற்று முடிந்த விலையைத் தேடுங்கள், இரண்டு மூன்று பேரிடம் நேரில் கேட்டால் சொல்வார்கள், வாங்கியவரையும் கேளுங்கள், விற்றவர் கூட்டிச் சொல்வார். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பவும் தொடங்கும் வரை ஓடுகிற எல்லாவற்றுக்கும் விலை ஏறியிருந்தது, அந்தக் கால விலையை இன்றும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இங்கிலாந்து விலையை ரூபாயால் பெருக்குவதும் பிழை, அங்கே நாலு கதவுச் சொமர்செற் பெரிய விலைக்காரன் இல்லை.

செலவையும் விலையையும் குழப்பாதீர்கள். சொல்லுக்கு, 8 இலட்சத்துக்கு வாங்கி 15 இலட்சம் செலவழித்தால் கார் 23 இலட்சம் ஆகிவிடாது. நல்ல நிலையில் உள்ள அதே மாதிரி ஊரில் 16 போகிறதென்றால் உங்களுடையதும் 16 தான், கூடிப்போனால் கடதாசிக்கும் படங்களுக்கும் ஒன்று கூட. மிச்சம் உங்கள் ஆசைக்குக் கொடுத்த காசு. அதை முதலே தெரிந்து செய்தால் வீட்டில் சண்டை குறையும். காப்புறுதிக்கு மட்டும் வேறு கணக்கு: நிறுவனத்தோடு பேசி, மதிப்பீட்டாளரின் கடிதம் வைத்து, ஒப்புக்கொண்ட தொகையை எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு அதை எழுபது வருடப் பழைய இரும்பாகத்தான் எடைபோடுவார்கள்.

விற்கும் நாளில் பற்றுச்சீட்டு, படங்கள், பென்சில் துண்டுகள், கழற்றிய சாமான் பெட்டி எல்லாவற்றையும் காரோடு மேசையில் வையுங்கள். பெரியப்பாவின் காரைப் பார்க்க வந்த ஒருவர் காரைவிடப் பெட்டியைத்தான் கூட நேரம் பார்த்தார். நான் விற்கவில்லை, அது வேறு கதை.

வைத்திருப்பதென்றால் கிழமைக்கு ஒருமுறையாவது, வெறுமனே ஸ்ராட் பண்ணி நிற்பாட்டிவிடாமல், ஒயில் நன்றாகச் சூடாகும் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுங்கள், மானிப்பாய் போய் வந்தால் சரி. பிளாஸ்ரிக் படங்கால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும், பழைய சேலை நல்லது. அப்புறம் மாரி தொடங்க முதல், புரட்டாதி கடைசியில், நாலு கதவின் அடியிலும் தண்ணி வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும், ஒரு ஈர்க்கை எடுத்து ஒவ்வொன்றையும் குத்தி விடுங்கள்.